மண்ணுக்குள் எட்டுப் பானை

இந்த வருஷம் மனைவி வீட்டார் கூட்டத்துக்குப் போவதில்லை. ஸ்டெய்னார் முடிவு செய்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டால் அப்புறம் அது முடிவாக இருக்குமா?

சாதாரணக் கூட்டம் என்றால் போய்த் தொலையலாம். மனைவி ஹெர்டிஸின் கொள்ளுத் தாத்தாவுக்குப் பதினோரு பிள்ளைகள். ஐஸ்லாந்தில் குளிர்காலம் நீளம். மனுஷன் வேறென்ன செய்வார்? பதினொன்று பெருகி எண்பது ஆயிற்று. எண்பதும் கோடைதோறும் ஓரிடத்தில் கூடாரம் போட்டுக் கூடும். கிளைக்கு ஒரு நிறம். ஹெர்டிஸின் கிளை மஞ்சள். எல்லாருக்கும் மஞ்சள் மேலங்கி, முதுகில் பெயர். ஸ்டெய்னாரின் முதுகில் மட்டும் பெயர் கிடையாது. ‘ஹெர்டிஸின் கணவர்’ என்று இருக்கும். பத்தொன்பது வருஷமாக.

அதையும் பொறுக்கலாம். சாக்கு ஓட்டத்தைப் பொறுக்கலாம். போன வருஷம் கயிறு இழுத்து இடுப்புப் பிடித்துக்கொண்டது, அதைக்கூடப் பொறுக்கலாம். மச்சினன் ஒட்கெய்ரின் அக்கார்டியனைப் பொறுக்க முடியாது. அவனுக்குத் தெரிந்தது மூன்று பாட்டு. ஆளுக்கொரு தடவை என்று கணக்கு வைத்து வாசிக்கிறானோ என்னவோ.

ஸ்டெய்னாருக்கு வேண்டியது ஒரு தூண்டில், ஒரு ஏரி, வாய் திறக்காத மீன். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மெதுவாக ஆரம்பித்தார்.

“கூட்டத்துக்கு வெறுங்கையோடயா போறது? போற வழியில ஏரிக்கரையில தங்கி, ரொட்டி சுட்டு எடுத்துட்டுப் போலாம்.”

ஹெர்டிஸ் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைக் கீழே வைத்தாள்.

“நீங்களா சொல்றீங்க?”

“நான்தான்.”

“எங்க வீட்டு ஆளுங்களுக்கா?”

“வேற யாருக்கு?”

அவள் எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

“ஆனா ஒண்ணு,” என்றார் ஸ்டெய்னார். “ரொட்டி மண்ணுக்குள்ள இருக்கிற வரைக்கும் கூடாரத்துல ஒரு முளையைக்கூடப் பிடுங்கக் கூடாது. யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. எங்கப்பா போட்ட சட்டம்.”

அவர் அப்பாவுக்கு ரொட்டியை வெட்டத்தான் தெரியும், சுடத் தெரியாது.

“சரிங்க,” என்றாள் ஹெர்டிஸ். ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஹெர்டிஸ் இவ்வளவு சீக்கிரம் ‘சரிங்க’ சொல்லி அந்த வீடு கண்டதில்லை. அது ஸ்டெய்னாருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்த ஏரிக்கரையில் கறுப்பு மணலைக் கொஞ்சம் தோண்டினால் போதும், எரிமலைச் சூட்டில் கீழே கொதிக்கும். ரை என்கிற தானியத்து மாவு, மோர், சர்க்கரைப் பாகு, சோடா எல்லாம் கலந்து பானையில் இறுக மூடி, புதைத்து, மேலே அடையாளத்துக்கு ஒரு கல் வைக்க வேண்டும். ஒரு நாள் முழுசாக வேகும். ஸ்டெய்னார் அந்த ஒரு நாளைத்தான் நம்பியிருந்தார். கூட்டம் சனி, ஞாயிறு. அதுவும் கிழக்குக் கடற்கரையில். அங்கே போகவே ஒரு பகல் வண்டி ஓட்ட வேண்டும். ரொட்டி மேல் ரொட்டியாகப் புதைத்தால் சனிக்கிழமை தானாகக் கடந்துவிடும்.

புதன்கிழமை ஒரு பானை புதைத்தார்கள்.

வியாழன் மத்தியானம் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. கறுகறுவென்று, பளபளவென்று ரொட்டி. வெண்ணெய் வைத்த உடனே உருகி விரல் வழியாக ஒழுகிற்று. மகள் டாக்னிக்குப் பதினாறு வயசு. பாதியை அவளே தின்றாள். ஸ்டெய்னார் ஒரு துண்டை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். இந்த ரொட்டிக்கு முகம் சுளிப்பது லேசான வேலை இல்லை.

“நடுவுல வேகல.”

“நல்லாதானே இருக்கு?” என்றாள் ஹெர்டிஸ்.

“இதைக் கொண்டுபோனா உங்க அண்ணன் சிரிப்பான்.”

“அதுவும் சரிதான். அப்ப இன்னிக்கு ரெண்டா வைங்க.”

இரண்டாக வைத்தார். மீன் பிடிக்கப் போனார். சத்தமே இல்லை. ஒரு மீன் கிடைத்தது. அதுவும் சத்தம் போடவில்லை. சொர்க்கம்.

வெள்ளிக்கிழமை இரண்டையும் திறந்தார்கள். “இது கொஞ்சம் அதிகமா வெந்துடுச்சு,” என்றார் ஸ்டெய்னார், நாலாவது துண்டை விழுங்கிக்கொண்டே.

“அப்ப இன்னிக்கு எட்டு வைங்க.”

“எட்டா?”

“எண்பது பேருங்க. ஒண்ணு ரெண்டு பத்துமா? ஊர்க் கடையில புதுசா ஆறு பானை வாங்கிட்டு வந்தேன். மாவுகூடக் கலந்தாச்சு.”

ஸ்டெய்னாருக்கு உள்ளுக்குள்ளே பட்டாசு வெடித்தது. இன்றைக்குப் புதைத்தால் நாளை மத்தியானம் எடுக்கணும். கிளம்பிப் போய்ச் சேரும்போது ஞாயிற்றுக்கிழமை. அவரவர் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். வெளியே மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“ஐயோ, கூட்டம் போயிடுமே ஹெர்டிஸ். உனக்கு மனசு கஷ்டமா இருக்குமே.”

“என்னங்க பண்றது? சட்டம்னா சட்டம்தானே.”

எட்டுக் குழி தோண்டினார். அடியில் சூடு. பூட்ஸ் அடிப்பாகம் இளகிற்று. வேர்வை மூக்கு நுனியில் சொட்டிற்று. வீட்டில் ஒரு தொட்டிச் செடி வைக்கச் சொன்னாலே இடுப்பைப் பிடிக்கிற மனுஷன், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தோண்டினார்.

“என்னப்பா, ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க?” என்றாள் டாக்னி.

“காத்து இதமா இருக்கு, அதான்.”

அந்த நிமிஷமே காற்று அவர் தொப்பியைப் பிடுங்கி ஏரியில் எறிந்தது.

ஹெர்டிஸ் தள்ளி நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். “ஆமா, எட்டு. ஆமா, அவரேதான். நானும் நம்பலை.”

சனிக்கிழமை மத்தியானம். ஸ்டெய்னார் முதல் பானையைத் தோண்டிக்கொண்டிருந்தார். எங்கேயோ அக்கார்டியன் கேட்டது. பத்தொன்பது வருஷப் பாதிப்பு, காதிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். மூன்றாவது பானையில் சத்தம் பக்கத்தில் வந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

சாலை முழுக்க வண்டி. வண்டி முழுக்க மேலங்கி. சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள். முன் வண்டியின் ஜன்னலில் ஒட்கெய்ர் பாதி உடம்பை வெளியே நீட்டி வாசித்துக்கொண்டு வந்தான்.

“மாப்ள! வாசனை ரோடு வரைக்கும் வருது மாப்ள!”

ஸ்டெய்னார் கையில் சூட்டுப் பானையோடு நின்றார். சுட்டது. தெரியவில்லை.

“ஹெர்டிஸ், இவங்க எங்க இங்க?”

“கிழக்குல புயல் மழைன்னு செவ்வாய்க்கிழமையே ரேடியோவுல சொல்லிட்டாங்கல்ல? வெயில் அடிக்கிற பக்கமா கூட்டத்தை எங்க மாத்துறதுன்னு தவிச்சோம். நல்லவேளை, நீங்களே ஏரின்னு சொன்னீங்க. ரொட்டியும் சுடறேன்னு சொன்னீங்க. அப்பவே எல்லாருக்கும் ஃபோன் போட்டுட்டேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா எட்டுக் குழி தோண்டியிருப்பீங்களா?”

ஒட்கெய்ர் ஓடி வந்து கட்டிக்கொண்டு, மஞ்சள் மேலங்கியைத் தலை வழியே மாட்டிவிட்டான். ஸ்டெய்னார் முதுகைத் திருப்பி மகளிடம் காட்டினார்.

“என்ன போட்டிருக்கு?”

“ஹெர்டிஸின் கணவர்.”

“அவ்வளவுதானா?”

“இல்லப்பா. இந்த வருஷம் கீழ ‘ரொட்டி’ன்னு போட்டிருக்கு.”

எண்பது பேரும் தின்றார்கள். எட்டுப் பானையும் ஒரு மணி நேரத்தில் காலி. ஊதாக் கிளைக் கிழவர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்படி ஒரு ரொட்டி தின்னதில்ல தம்பி,” என்று கண் கலங்கினார். ஸ்டெய்னாருக்கு ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. உடனே கயிறு இழுக்கக் கூப்பிட்டார்கள். இடுப்பு பிடித்தது. அக்கார்டியன் முதல் பாட்டுக்கே பன்னிரண்டாவது தடவையாகத் திரும்பியது.

போதும். அவர் பூனை மாதிரிக் கூடாரத்துப் பின்பக்கம் போனார். குனிந்து ஒரு முளையைப் பிடித்தார்.

“ஏங்க?”

ஹெர்டிஸ் நின்றிருந்தாள். கையில் வெண்ணெய் ஒழுகும் ரொட்டித் துண்டு.

“முளை ஆடுது. சரி பண்றேன்.”

“பிடுங்குற மாதிரி இருக்கே?”

“ஹெர்டிஸ், டாக்னிக்குச் சளி. கிளம்பிடலாம்.”

“டாக்னி அங்க சாக்குல குதிச்சிட்டிருக்கா.”

“எனக்கு இடுப்பு...”

ஹெர்டிஸ் ரொட்டித் துண்டை அவர் வாயில் வைத்து அடைத்தாள். கரையைக் காட்டினாள். வரிசையாக எட்டு மேடு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். மஞ்சள் கிளை ஆட்கள் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கும் வேணும்ல? இப்பதான் புதைச்சோம். நாளை மத்தியானம் வரைக்கும் உள்ளதான் இருக்கும்.” அவர் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். “முளையில இருந்து கையை எடுங்க. உங்கப்பா போட்ட சட்டம்.”