இருபத்து மூன்று நாள் பனி

மஸ்ஜித் தானா,
28.2.1999

லீட்ஸ் பட்டணத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் மகள் ஷாந்தினிக்கு, மிளகாய் மில் முனுசாமியாகிய அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் மில் மோட்டாரும் நலம். அங்கு நீயும் உன் படிப்பும் அதேபோல் தடங்கல் இல்லாமல் ஓட முருகனை வேண்டுகிறேன். இது வியாபார விஷயமான கடிதம், ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

போன செப்டம்பரில் நீ கிளம்புவதற்கு முன் நம் கடைக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாய் அல்லவா, அதில் மசாலா விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போட்டு, லீட்ஸில் இன்றைக்கு என்ன குளிர் என்று தெரியும்படி வைத்தாய். அது நம் சரக்கு இல்லை, வேறு யாருடைய வெப்சைட்டிலிருந்தோ தானாக வந்து நம் பக்கத்தில் நிற்கிறது என்று விளக்கினாய். கமிஷன் எவ்வளவு என்று கேட்டேன். "சும்மாதாம்ப்பா, யாரு வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம்" என்றாய். முப்பது வருஷ வியாபாரத்தில் சும்மா சரக்குக் கொடுப்பவனை நான் பார்த்ததில்லை, அப்போதே எனக்குச் சந்தேகம். இப்போது அந்தப் பெட்டியை உடனே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்றால், இந்த மாதம் ஐந்தாம் தேதி காலையில் பெட்டியைப் பார்த்தேன், மைனஸ் மூன்று, பனி. ஆறாம் தேதி பார்த்தேன், மைனஸ் மூன்று, பனி. பத்தாம் தேதியும் அதே. பதினைந்தாம் தேதியும் ஒரு டிகிரி கூட ஏறவில்லை. மைனஸ் மூன்று எப்படி இருக்கும் என்று பார்க்க நம் வீட்டு ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு வைத்தேன், ஒரு நிமிஷம் தாங்கவில்லை, பிள்ளை அதற்குள்ளே நடந்து காலேஜ் போகிறதே என்று அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாளே கம்பளி இரண்டு, காதுக்கு மப்ளர், சுக்குமல்லிப் பொடி நாலு கிலோ எல்லாம் கட்டித் தபாலில் போட்டேன். அதுவும் போதாதென்று லூபோக் சீனா தோட்டத்துக் கோயிலுக்குப் போய், உன் பேருக்கு நவக்கிரகத்தில் சூரியனுக்கு ஓர் அர்ச்சனை செய்யச் சொன்னேன். பூசாரி அப்புசாமி தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு முழித்தார். "அண்ணே, மழை வரதுக்குப் பூஜ இருக்கு, நிக்கறதுக்கும் இருக்கு. பனிக்கு நான் எங்கண்ணே போவேன்? வெள்ளக்காரன் ஊரு, அங்க உள்ள சாமிகிட்ட கேளுங்க லா." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சூரியன் அங்க ஒண்ணு, இங்க ஒண்ணா இருக்கு? பண்ணுய்யா!" பண்ணினார். அப்போதும் மைனஸ் மூன்றுதான்.

நேற்று நவரட்ணம் சார் வந்தார். தங்கா பத்துவில் இருக்கிறாரே, ரிட்டயரான கிளார்க், மாதம் ஒருமுறை காரில் வந்து மிளகாய் அரைத்துப் போவார், அவர்தான். பிள்ளை இருபத்து மூன்று நாளாகப் பனிக்குள் கிடக்கிறது சார் என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன காணும் சொல்றீர்? என்ட மருமகன் அங்கதானே இருக்கிறான். போன கிழமை வெயில்ல நிண்டு படம் எடுத்து அனுப்பியிருக்கிறான்." பிறகு கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். "லைன் வயர் எங்க?" என்றார். கடைக்கு இருப்பது ஒரே லைன், ஹஜ்ஜுப் பெருநாள் ஆர்டர் வரும் சமயம், இண்டர்நெட்டில் உட்கார்ந்தால் போன் அடிக்காது என்பதால் ஐந்தாம் தேதியே கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிவிட்டுப் போனைச் சொருகிவிட்டேன் என்றேன். மனிதர் மிளகாய்ப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "லைன் இல்லாட்டிப் புதுசு எப்பிடி வரும்? கடைசியா வந்த படத்தை மெஷின் எடுத்து வச்சுக் காட்டுது. நீர் பழைய பனிக்கு அர்ச்சனை செய்திருக்கிறீர்!" நானும் சேர்ந்து சிரித்தேன், வாடிக்கையாளர் அல்லவா.

அவர் போன பிறகுதான் சிரிப்பு நின்றது. இந்த இருபத்து மூன்று நாளும் உன்னோடு நானும் அந்தக் குளிரில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அதில் இல்லை. அப்படியானால் எதில் இருந்தாய்? மழையிலா, வெயிலிலா, காய்ச்சலிலா? "பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?" என்று நவரட்ணம் சாரும் கேட்டார். நம் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை சார், ஏர்போர்ட்டிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறேன், விஷயம் இருந்தால் மட்டும் போன் பண்ணு, லைனும் ஆர்டருக்குக் காலியாக இருக்க வேண்டும் என்றேன். என் மகள் அப்பா சொன்ன சொல்லைத் தட்டாது. பீஸ் கட்ட ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை, ஐந்து மாதத்தில் அவ்வளவுதான் கூப்பிட்டாய். பிள்ளை வளர்ப்பென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவரிடம் பெருமையாகவே சொன்னேன்.

ஆகவே, பழைய சரக்கைப் புதுசு என்று காட்டும் பெட்டி என் கடைக்கு வேண்டாம். அந்த இடத்தில் குருமாத் தூள் படம் ஒன்று போட்டுவிடு. எனக்குப் போன் செய்து விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, கடிதமே போதும். இங்கே ஆர்டர் நெருக்கடி, மூச்சு விட நேரமில்லை.

கண் முழித்துப் படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நெற்றி நிறையத் திருநீறும் உன் அம்மாவின் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா முனுசாமி

பி.கு: பெட்டியை எடுக்காதே. நாளைக்கே இரண்டாவது லைனுக்கு எழுதிப் போடப்போகிறேன். ஆர்டர் நெருக்கடி என்று மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, இருபத்து மூன்று நாளில் போன் நாலு முறை அடித்தது, அதில் மூன்று ராங் நம்பர். அந்த ராங் நம்பரில் ஒருவர் ஜாசினிலிருந்து பேசினார், பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தோம், நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே காலை ஒன்பது என்று நவரட்ணம் சார் கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த நேரம் மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். கூப்பிடு. விஷயம் எதுவும் வேண்டாம்.