கஞ்சிக் கோப்பைக்கு வந்த முள்

சின்னப் பிள்ளைகளுக்கு எதையும் அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால் ஆபத்தில்லை. அவர்களுக்கு நன்றாகப் புரியும்படி சொல்லிக்கொடுத்தால்தான் ஆபத்து. ஆசிரியர் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், நம்புங்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வராத காலம். மாத்தளைக் கடைகளில் விளையாட்டுச் சாமான் கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். நானோ, விளையாட்டின் மூலம் கல்வி என்று கண்டியில் ஒரு பயிற்சி முடித்துவிட்டு, உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் நானே கரையேற்றப் போவதாக நினைத்துக்கொண்டிருந்த வாலிபன். எதைக் கண்டாலும் அதில் ஒரு பாடம் இருப்பதாகத் தோன்றும். (உம்மா முருங்கைக்காய் நறுக்கினால்கூட நான் பின்னம் சொல்லிக்கொடுக்கப் போவேன். "எழும்பிப் போ மகன்" என்பார்.)

அந்த நோன்பு மாதத்தில் எனக்கு யட்டவத்தப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசினார்கள். பெண்ணின் வாப்பா மிளகு, கராம்பு வியாபாரி. ஊரில் எல்லோரும் அவரை ஹாஜியார் என்பார்கள். அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பதிலாகப் பேசுவதற்குப் பெண்ணின் பெரிய மாமா இருந்தார். மாஸ்டர்மாருக்குப் பெண் கொடுப்பதில் மாமாவுக்கு அவ்வளவு விருப்பமில்லை. "ஒரு நாளைக்கு நோன்பு திறக்க வரச் சொல்லுங்க, ஆளப் பாப்போம்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

பெண்ணுக்குத் தம்பி ஒருவன், தங்கை ஒருத்தி என்று கேள்விப்பட்டேன். அன்வருக்கு ஏழு வயது, பௌசியாவுக்கு ஐந்து. வெறுங்கையோடு போகலாமா? பெருநாள் பரிசாக நானே ஒன்று செய்தேன். பெரிய பிஸ்கட் டின் மூடியில் வெள்ளைத்தாள் ஒட்டி, மணிக்கூடு வரைந்து, அட்டையில் இரண்டு முள் வெட்டி நடுவில் பொருத்தினேன். இலக்கங்களுக்குப் பக்கத்தில் படங்கள். ஏழுக்குப் பள்ளிக்கூடப் பை, நாலுக்குப் பந்து. ஆறைத் தாண்டிய இடத்தில் ஆவி பறக்கும் நோன்புக் கஞ்சிக் கோப்பை. அதை வரைந்துவிட்டு நானே சற்று நேரம் ரசித்துப் பார்த்தேன்.

ஹாஜியாரின் வீடு மிளகுத் தோட்டத்துக்கு நடுவே, மேட்டில் இருந்தது. பள்ளிவாசல் கீழே கடைத்தெருவில். முன்னறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு மணிக்கூடு. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரையிடம் ஹாஜியார் வாங்கியது. "இது பிந்தினா சூரியன் பிந்தினதுன்டு அர்த்தம்" என்றார் மாமா. அன்று ஹாஜியார் பேசவேண்டிய பெருமையையும் அவரே பேசிவிட்டார்.

பின்நேரம் பிள்ளைகளைக் கூட்டிவைத்து மூடியை வெளியே எடுத்தேன். அன்வர் வாழ்க்கையில் முதல் தடவையாக முழு நோன்பு பிடித்திருந்தான். உதடு காய்ந்து, கண் உள்ளே போய், சுவரில் சாய்ந்து கிடந்தான். முள்ளைத் திருப்பியதும் எழுந்து உட்கார்ந்தான்.

"முள்ளு பந்துக்கு வந்தா?"

"விளையாடலாம்!" என்று கத்தினார்கள்.

"கஞ்சிக் கோப்பைக்கு வந்தா?"

"நோன்பு திறக்கலாம்!" அன்வரின் குரல் வீட்டுக் கூரையில் மோதியது.

"அந்தப் பெரிய மணிக்கூடும் இப்படித்தானா மாஸ்டர்?" என்று கேட்டான்.

"அச்சொட்டாக இப்படித்தான்" என்றேன். பாடத்தை வாழ்க்கையோடு பொருத்திக் கேட்கிறானே என்று எனக்குப் புல்லரித்தது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் வேறு கேட்டது. நான் இன்னும் உரத்த குரலில் பாடம் நடத்தினேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வானம் கறுத்து, வீட்டுக்குள் விளக்கு வைத்தார்கள். ஆண்கள் அஸர் தொழுதுவிட்டுப் பின் விறாந்தையில் மிளகு விலை பேசிக்கொண்டிருந்தோம். முன்னறையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நேரமாகிவிட்டதென்று பெரிய மணிக்கூடு சொன்னபோது எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். "இந்த மழைக்குப் பள்ளிவாசல் பாங்குச் சத்தம் மேல வராது, மணிக்கூட்டப் பாத்தே திறப்போம்" என்றார் மாமா. ஈத்தம்பழத்தைக் கடித்தோம். கஞ்சி குடித்தோம். அந்திக்கான மஃரிப் தொழுதோம். மறுபடி உட்கார்ந்து, நான் மருமகனுக்குரிய அடக்கத்தோடு மூன்றாவது பட்டீஸைக் கையில் எடுத்தபோது மழை விட்டது.

மேற்குப் பக்க ஜன்னலால் மஞ்சள் வெயில் வந்து வட்டிலப்பத்தின் மேல் விழுந்தது.

மாமாவின் வாயில் பாதிப் பட்டீஸ். ஜன்னலுக்கு வெளியே, பாக்கு மரங்களுக்கு மேலே சூரியன் முழுசாக நின்றது.

"இதென்ன சூரியன்?" என்றார் மாமா, கடைசியில்.

ஹாஜியார் எழுந்து மணிக்கூட்டைப் பார்த்தார். அதன் கீழே கிடந்த கதிரையையும் பார்த்தார். உள்ளே போய், தொழுகைக்கு ஒழு எடுக்கக் கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தைக் கொண்டு வந்தார். பெரிய மணிக்கூடு முக்கால் மணித்தியாலம் முந்தியிருந்தது.

"ஆரு இதத் தொட்ட?"

"நான்தான் வாப்பா!" அன்வருக்கு அத்தனை பெருமை. "முள்ளு கஞ்சிக் கோப்பைக்கு வந்தா நோன்பு திறக்கலாம்ன்டு மாஸ்டர்தானே சொல்லித் தந்தாங்க. நானே தனியாத் திருப்பினேன்!"

எத்தனை வகுப்புகள் எடுத்திருக்கிறேன், இத்தனை சீக்கிரமாக ஒரு பாடம் எந்தப் பிள்ளைக்கும் ஏறியதில்லை. எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. பட்டீஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் இதுக்குப் பதிலா இன்னொரு நாள் கழா நோன்பு பிடிக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார் மாமா. "அவ்வளவு பேரும்! ஒரு மாஸ்டரால!"

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. சாப்பாட்டைச் சுற்றி உட்கார்ந்து, சூரியன் இறங்கும்வரை, வாயைத் திறக்காமல் காத்திருந்தோம். என் வாழ்நாளில் சூரியன் அவ்வளவு மெதுவாக இறங்கியதில்லை. ஒருவழியாகக் கீழேயிருந்து பாங்கு கேட்டது. மறுபடி ஈத்தம்பழம், மறுபடி மஃரிப்.

அன்வருக்கு மெல்ல விஷயம் விளங்கி, அழுகை வந்துவிட்டது. "என்ட நோன்பு போயிட்டா வாப்பா?"

ஹாஜியார் அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "ஒன்ட நோன்பு போகல மகன். நீ சின்னப் பிள்ள, ஒனக்கு முழுக் கூலி இருக்கு. எங்களுக்குத்தான் பாக்கி" என்றார். என்னை அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சேற்றில் வழுக்கி வழுக்கி மேட்டிலிருந்து இறங்கினேன். சம்பந்தம் முடிந்தது என்று உம்மாவிடம் சொன்னேன். "முடிவாகிட்டா?" என்று உம்மா சந்தோஷப்பட்டார். விளக்கிச் சொல்லவேண்டியதாயிற்று.

பெருநாள் கழிந்து சில நாளில், மாத்தளைக்கு மிளகு கொண்டுவந்த ஆளிடம் ஹாஜியார் சொல்லியனுப்பியிருந்தார்: "நாளைக்குக் கழா நோன்பு பிடிக்கிறம். மாஸ்டரையும் நோன்பு பிடிச்சிட்டு இங்க வந்து திறக்கச் சொல்லுங்க. அவருக்கும் பாக்கிதானே."

போனேன். மணிக்கூட்டுக் கண்ணாடிக் கதவில் சின்னப் பூட்டு ஒன்று தொங்கியது. மாமா என்னை அதிலிருந்து தூரமாக உட்காரவைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளைக்கும் எதுவும் கற்பிக்காமல் இருந்தேன். அப்போது பௌசியா திரைக்குப் பின்னால் இருந்த அக்காவிடமிருந்து ஓடி வந்து, சபை நடுவே நின்று சொன்னாள்:

"ராத்தா கேக்கச் சொன்னா, மாஸ்டருக்கு இப்ப நேரம் என்னவாம்?"

திரைக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. நான் நிலத்தைப் பார்த்தேன். திடீரென்று ஹாஜியாரின் தோள் குலுங்கியது. அவர் சிரிப்பதை அன்றுதான் கண்டேன். மாமாவும் வேறு வழியின்றிச் சிரித்தார். அன்றே நிக்காஹ்வுக்கு நாள் குறித்தார்கள். என் மனைவி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அந்த நேரம் கேட்டதுதான்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஏதாவது முந்தி நடந்தால் அது 'மாஸ்டர் நேரம்'. அன்வர் இப்போது பேரப்பிள்ளை கண்டவன், என்னைவிட நன்றாகக் கதை சொல்வான். (அவன் சொல்லும்போது நான் பன்னிரண்டு பட்டீஸ் சாப்பிட்டிருப்பேன்.) இந்தக் காலத்தில் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் சேர்ந்தே பாங்கு சொல்கின்றன. ஆனாலும் என் மனைவி கஞ்சிக் கோப்பையைத் தொடமாட்டாள். மகனைப் பார்த்துச் சொல்வாள்:

"எதுக்கும் ஒருக்கா வெளிய போய் வானத்தப் பாத்துட்டு வாங்க மகன். வாப்பா இன்னைக்குப் பகலெல்லாம் வீட்லதான் இருந்தாங்க."