கண் பரிசோதனையில் தெரிந்த வீடு

அளவெட்டி,
செவ்வாய்க்கிழமை.

என்றும் மதிப்புக்குரிய செந்தூரன் அண்ணைக்கு,

தம்பி கோகுலன் எழுதுவது. நானும் அம்மாவும் துர்க்கை அம்மன் அருளால் நலம். கனடாவில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் சொன்னால் அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்பதால்தான் கடிதம்.

நீங்கள் ஓயாமல் சொன்னதற்காக, நாற்பத்திரண்டு வயதில் கண்ணாடியைக் கழற்றும் ஆசையோடு, லேசர் சிகிச்சைக்கு முந்திய கண் பரிசோதனைக்கு இன்று காலை யாழ்ப்பாணம் போனேன். கண்ணுக்குள் லென்ஸ் போடுகிறவர்கள் இரண்டு கிழமைக்கு முன்பே அதைக் கழற்றிவிட வேண்டுமாம். நான் பிறந்ததிலிருந்தே போட்டதில்லை என்றதும் தாதி மேர்சிக்குப் பெரிய சந்தோஷம். இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் சொருகி எவ்வளவு கண்ணீர் ஊறுகிறது என்று அளந்தார். எங்கள் குடும்பத்தில் அதற்கு என்ன குறை? பிறகு ஓர் இயந்திரத்தின் தாங்கியில் நாடியை ஊன்றி உள்ளே பார்க்கச் சொன்னார். நீண்ட தெரு, அதன் முடிவில் சிவப்புக் கூரை வீடு. எல்லாருக்கும் காட்டுகிற படம்தானாம். ஆனால் அண்ணை, அது எங்கள் காங்கேசன்துறை வீடு. வாசலில் அப்பா நின்றார்.

தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடிக்குள் எல்லாரும் ஓடியபோது, "மாட்டை அவிட்டுவிட்டிட்டு வாறன்" என்று திரும்பிப் போனாரே, இடுப்பில் அதே நீலச் சாரம். முப்பத்தைந்து வருடமாக இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் திவசமும் செய்யவில்லை, அம்மா பொட்டும் அழிக்கவில்லை. ஆள் நிற்கிறது என்று மேர்சியிடம் சொன்னேன். "ஆள் ஒருத்தரும் இல்லை ஐயா, நீங்கள் வீட்டைப் பாருங்கோ" என்றார். அது வலக்கண். இடக்கண்ணை வைத்தபோது அப்பா பாதித் தெரு நடந்து வந்துவிட்டார். மாட்டைக் காணவில்லை. இவ்வளவு காலமும் அந்த மாட்டோடு என்ன செய்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கண் ஓரிடத்தில் நிற்காததால் அளவு பிடிபடவில்லை, இன்னொருமுறை வைக்கவேண்டும் என்றார் மேர்சி. இன்னொருமுறை வைத்தால் அவர் எங்கே நிற்பார் என்று எனக்கு விளங்கிவிட்டது. செருப்பையும் விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

நாளை பத்து மணிக்குத் திரும்பவும் வரட்டாம் என்று பிறகு மேர்சி தொலைபேசியில் சொன்னார். நான் போகமாட்டேன். கண்ணாடியோடே காலத்தைக் கழிக்கிறேன். அம்மாவுக்கு இது தெரியவே கூடாது. எழுபத்தாறு வயதில் அவர் தாங்கமாட்டார்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
பயந்துபோன தம்பி,
கோகுலன்

பி.கு.: நான் தபாலுறை தேடப் போன நேரத்தில் அம்மா கடிதத்தை வாசித்துவிட்டார். அழவில்லை. தலையை வாரி இழுத்து, நல்ல சேலை உடுத்துக்கொண்டு, நாளைய பஸ்ஸுக்கு இப்போதே வாசல் படலையடியில் நிற்கிறார். "நானும் வாறன் தம்பி. எந்தக் கண்ணாலை பாத்தால் அவர் கிட்ட நிப்பார்?" என்று மட்டும் கேட்டார். இடக்கண் என்று சொல்லிவிட்டேன்.