சம்பந்தியின் வெள்ளி ரூபாயைச் சுண்டிப் பார்த்த விவகாரம்

காரைக்குடி
12-6-1971

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி குழந்தைவேலு அவர்கள் சமுகத்திற்கு, முத்துக்கருப்பன் வணக்கம். இங்கு யாவரும் சுகம், என்னைத் தவிர. காளையார்கோவிலில் தங்களுக்கு இரத்தக் கொதிப்பு தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கோ உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. கிழித்துப் போட்ட தாள்கள் அறையெங்கும் கிடக்கின்றன.

செக்காலையில் புதிதாகத் திறந்திருக்கும் நாணயக் காட்சிசாலைக்கு நான் போனதே தங்கள் பெருமையைப் பார்க்கத்தான். ஒரே அறை. சோழி முதல் நயா பைசா வரை நம் தேசத்துப் பணமெல்லாம் வரிசையாக இருக்க, நடுநாயகமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தாங்கள் அன்பளித்த ராணி தலை வெள்ளி ரூபாய், கீழே தங்கள் பெயர். எனக்கு மனம் பூரித்துப் போயிற்று. "இவுக பொண்ணைத்தான் என் மகனுக்கு நிச்சயம் பண்ணியிருக்கு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அதைக் கேட்ட பொறுப்பாளர் ஜெகபர் சாதிக், "சம்பந்தியா நீங்க? கையில எடுத்தே பாருங்க" என்று பெட்டியைத் திறந்து கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாது. புதுவயல் அரிசி ஆலையில் முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்த கை இது. ரூபாய் பட்டால் நல்லதா கள்ளதா என்று சுண்டிவிடும், என்னைக் கேட்காது. சுண்டியது. தரையில் ணங்கென்று விழ வேண்டிய ரூபாய் சொத்தென்று விழுந்தது. நானும் கல்லாவில் இருக்கிற நினைப்பில், "ஈயம்! மாத்திக் குடு!" என்று கத்திவிட்டேன். அங்கே தங்கள் பங்காளி ஒருவர் நின்றதை நான் கவனிக்கவில்லை. மறுநாளே, 'கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டாம்' என்று தாங்கள் சொல்லி அனுப்பியது வந்துவிட்டது.

என் மனைவி நாச்சியார், "காசையா சுண்டுனீக? புள்ள கல்யாணத்தையில்ல சுண்டிவிட்டுட்டு வந்து நிக்கிறீக" என்கிறாள். மகன் இராமு சோற்றுத் தட்டைத் தொடவில்லை. எனக்கு அழுகையே வருகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், குற்றம் ரூபாயில் இல்லை, என் காதில். ஆலை இரைச்சலில் அது மந்தமாகிவிட்டது. நாளைக் காலை காது டாக்டரிடம் அப்படியே எழுதி வாங்கி, அந்தச் சீட்டையும் ரூபாய்க்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் வைக்கச் சொல்கிறேன்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் வணக்கம். மருமகள் விசாலத்துக்கு எங்கள் ஆசி. கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். காளீஸ்வரர் துணை.

இப்படிக்கு,
முத்துக்கருப்பன்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் டாக்டரைப் பார்த்து வந்தேன். எழுதித்தர மறுத்துவிட்டார். அடுத்த அறையில் அவர் கைக்கடிகாரம் ஓடுவதுகூட எனக்குக் கேட்கிறது. ஆகையால் சீருக்குத் தாங்கள் சொன்ன வெள்ளிப் பாத்திரங்கள் வேண்டாம், எவர்சில்வரே போதும். அதை நான் சுண்டிப் பார்ப்பதில்லை.