எமரியின் மனசு எந்தப் பக்கம்?

ஆப்பிள் கேக்கும் கையுமாக வெர்னா காலையில் எமரி வீட்டு வாசலில் போய் நின்றால், அங்கே மெர்ட்டன் அவளுக்கு முன்பே வந்து விறகு பிளந்துகொண்டிருந்தான். அவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? அன்றைக்குத்தான் ஓட்டுப்பதிவு. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமே இழுபறியில் தொங்கியது. வெர்னா கழுதைச் சின்னக் கட்சி, மெர்ட்டன் யானைச் சின்னக் கட்சி. சின்ன ஊர், யார் எந்தப் பக்கம் என்பது எல்லாருக்கும் அத்துப்படி. பாதிக்குப் பாதி. கடைசிவரை பிடிகொடுக்காத ஒரே ஆத்மா, தனிக்கட்டையான எமரிதான். இந்த ஓட்டைக் கோட்டைவிட்டால் மெர்ட்டன் அடுத்த தேர்தல்வரை சொல்லிச் சொல்லியே அவள் மானத்தை வாங்கிவிடுவான்.

"எமரி ஐயா, உங்களுக்காகவே சுட்ட கேக்."

"வைம்மா. ஆனா தம்பி விறகு பிளக்கறதைப் பார்த்தா மனசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயுது."

விடுவாளா? ஏணியைப் போட்டுக் கூரைமேல் ஏறி, சருகுகளை அள்ளி வீசினாள். மழையில் ஊறிய சருகு மொத்தமும் மெர்ட்டன் தலையில் விழுந்தது.

"வேணும்னேதானே போட்டே?"

"உங்க கட்சி வாக்குறுதியைவிட அது சுத்தம்தான். துடைச்சுக்கோ."

மெர்ட்டன் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதே ஏணியில் ஏறி, எமரி வீட்டு ஜன்னல்களுக்குக் குளிர்காற்றைத் தடுக்கும் கூடுதல் கண்ணாடி மாட்ட ஆரம்பித்தான்.

"ஐயா, ஏணியைக் கொண்டுவரச் சொல்லுங்க!"

எமரி கேக்கை மென்றபடி அண்ணாந்து பார்த்தார். "அவசரமில்லைம்மா. மேலதானே இருக்கே, புகைபோக்கியையும் சுத்தம் பண்ணிடேன்."

மத்தியானம் கூரையிலிருந்து இறங்கியபோது வெர்னாவை அவள் புருஷனுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. அத்தனை கரி. குளிக்கப் போகலாம் என்றால், எமரியை மெர்ட்டனிடம் தனியாக விட்டுவிட்டு அந்தண்டை இந்தண்டை நகர மனசு வரவில்லை. கோழிக்கூண்டைக் கழுவப் போனாள். பின்னாலேயே மெர்ட்டனும் வந்தான். வாளிக்காக இரண்டு பேரும் இழுபறி செய்ததில் கூண்டுக் கதவு பிடுங்கிக்கொண்டது. கோழிகள் காட்டுக்குள் ஓடின. பிடித்து அடைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"இப்ப ரெண்டு பக்கமும் சமமாத்தான் தோணுது. இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்" என்றார் எமரி.

"யோசிக்க நேரமில்லை ஐயா, ஓட்டுச்சாவடிக் கதவைச் சாத்திடுவாங்க" என்று அவர் ஒரு கையைப் பிடித்தாள் வெர்னா. இன்னொரு கையை மெர்ட்டன் பிடித்தான். அவனுடைய டிரக்கில் நடுவே எமரியை உட்காரவைத்து வண்டியை விரட்டினார்கள்.

"வரியை நினைச்சுப் பாருங்க ஐயா" என்றான் மெர்ட்டன்.

"பென்ஷனை நினைச்சுப் பாருங்க" என்றாள் வெர்னா.

"பசிக்குது. இன்னிக்கு ஊர் மண்டபத்துல பீன்ஸ் சாப்பாடு போடுவாங்க, இல்ல?" என்றார் எமரி.

மண்டபத்தில் தேர்தல் அலுவலர் லூசில் ஓட்டுப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். வெர்னா கரி முகமும் கோழியிறகுமாக ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லூசில், உனக்குப் புண்ணியமாப் போகும். எமரி ஐயா ஒருத்தர் ஓட்டை மட்டும் வாங்கிக்கோ."

லூசில் அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எமரியா? காலையில கதவைத் திறந்ததுமே முதல் ஆளா போட்டுட்டுப் போயிட்டாரே. இந்த ஊர்ல ஓட்டுப் போட வராதது நீங்க ரெண்டு பேர் மட்டும்தான்."