தானியக் கமிஷனை நான் வழிமொழிந்த கதை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சிட்னிக்கு வந்து கோப்பை கழுவினேன். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை போட்டேன். லிட்கமில் மா அரைக்கிற ஆலை தொடங்கினேன். கடைசியில், மேற்கே ஆறு மணித்தியாலம் கார் ஓடிப் போகிற இடத்தில் காணி வாங்கி உழுந்தும் விதைத்தேன். (வங்கி மனேஜர் சிரித்தார். இப்போது என் கடையில்தான் வடை வாங்குகிறார்.) இவ்வளவையும் தனி ஆளாய்க் கட்டியவன், ஒரு தடவை கையைத் தூக்கி எல்லாவற்றையும் கவிழ்க்கப் பார்த்தேன்.

அந்த வருஷம் என் உழுந்து இலையெல்லாம் மஞ்சளடித்தது. எங்கள் தானியக் கமிஷன்தான் எமிலி என்கிற ஆராய்ச்சிக்காரப் பிள்ளையை அனுப்பியது. கமிஷன் என்றால் தரகு இல்லை, விவசாயிகளின் சபை. நாங்கள் தானியம் விற்கும்போது டன்னுக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். அந்தக் காசில் பயிர் நோயை ஆராய்வார்கள், அரசாங்கத்தோடு எங்களுக்காக வாதாடுவார்கள். எமிலி இலைகளைப் பையில் போட்டுக்கொண்டு, காரணம் கண்டுபிடிக்க மூன்று மாதம் வேண்டும் என்றாள். அதுவரை கமிஷன் உயிரோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கமிஷனின் ஆண்டுக் கூட்டம் சிட்னிப் பக்கம் பரமட்டாவில் நடந்தது. இங்கிலீஷுக்குத் துணையாக மகள் தர்சினி வந்தாள்.

"அப்பா, ப்ளீஸ், ஒண்டும் கதைக்காதேங்கோ."

"கதைக்கேல்லை பிள்ளை. வழிமொழியிறது மட்டுந்தான்."

எங்கள் ஊர்ச் சங்கத்தில் முப்பது வருஷம் வழிமொழிந்தவன் நான். இங்கேயும் அப்படித்தான். போன கூட்ட அறிக்கையா? கை. தேநீர் தந்தவர்களுக்கு நன்றியா? கை. கமிஷன் தலைவி மார்கிரெட் ஒவ்வொரு தடவையும் என் பெயரை எழுதச் சொன்னார். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

தர்சினி போன் கதைக்க வெளியே போன நேரம், பின்வரிசையில் ஒரு சிவத்த மனிதர் எழும்பினார். மூக்கால் வருகிற வேக இங்கிலீஷ். எனக்குக் கால்வாசிதான் விளங்கியது. முடித்ததும் மார்கிரெட் கேட்டார்: "வழிமொழிய யாராவது?"

ஒருத்தரும் அசையவில்லை.

எனக்குப் பதறியது. எங்கள் சங்கத்தில் ஒருவர் முன்மொழிந்து யாரும் வழிமொழியாவிட்டால், அவர் கோபித்துக்கொண்டு போய் அடுத்த கிழமை வேறு சங்கம் தொடங்கிவிடுவார். (இப்படித்தான் எங்களுக்கு நாலு சங்கம்.) பாவம், மனிதரின் மானத்தைக் காப்பாற்றுவோம் என்று கையைத் தூக்கினேன்.

மண்டபமே என் பக்கம் திரும்பியது. திரும்பி வந்து வாசலில் கடைசிப் பேச்சைக் கேட்டு நின்ற தர்சினி போனைக் கீழே போட்டாள். ஓடி வந்தாள்.

"அப்பா! அந்தாள் கமிஷனை இழுத்து மூடச் சொல்லுறார்! ஒருத்தரும் வழிமொழியாட்டி அது அங்கையே விழுந்திருக்கும். நீங்கள் ஓம் எண்டிட்டியள்!"

"கையை இறக்கினால் சரிவராதோ?"

"எழுதியாச்சு!"

ஊரில் சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் கை தூக்கி நின்றிருக்கிறேன். அங்கேகூட இப்படிக் கால் நடுங்கவில்லை. (சரி, நடுங்கியது. ஆனால் அங்கே நானாகத் தூக்கவில்லை.) முன்வரிசையிலிருந்து எமிலி என்னைப் பார்த்தாள். என் மஞ்சள் இலைகள் அவளுடைய ஆராய்ச்சிக்கூட மேசையில் கிடந்தன. அந்த மேசையே இனி இருக்குமோ தெரியாது.

"வழிமொழிந்தவர் பேசலாம்" என்றார் மார்கிரெட்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்தேன். என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன்: "கை தூக்கினது அவருக்கு மரியாதைக்கு. கமிஷனை மூடவேண்டாம். மூடினால் என் உழுந்து சாகும். பிறகு நானும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். துரத்தப் போகிறார்கள் என்றே நினைத்தேன். அப்போது ஒரு கிழவர் எழும்பி, போன வருஷம் தன் கடலைப் பயிரைக் காப்பாற்றியது கமிஷன்தான் என்றார். இன்னொருவர் கோதுமைக் கதை சொன்னார். ஒரு மணித்தியாலம் ஆள் மாறி ஆள் பேசினார்கள். வாக்கெடுப்பு வந்ததும் தர்சினி என் இரண்டு கைகளையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதனால் எதிர்த்து வாக்களிக்கக்கூட எனக்கு வழியில்லை. மூடச் சொல்லி எழுந்தது ஒரேயொரு கை, சிவத்தவருடையது.

எமிலி காரணம் கண்டுபிடித்தாள். உழுந்து இப்போது பச்சை. வீட்டில்தான் எனக்கு விடிவில்லை. முதுகு சொறியக் கை தூக்கினாலும், "அப்பா வழிமொழியிறார்!" என்று சத்தம் வரும்.

ஆனால் கமிஷனின் ஆண்டு மலரில், "மூடும் தீர்மானத்தை உறுப்பினர்கள் ஒற்றுமையாகத் தோற்கடித்தனர்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். என் பெயரைக் காணோம். நான் வழிமொழியாமல் விட்டிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். அந்த மனிதர் வருஷா வருஷம் அதையே தூக்கிக்கொண்டு வந்திருப்பார். என் கையால்தான் அது சபைக்கு வந்தது. வந்தபடியால்தான் செத்தது. ஆகவே, கமிஷனைக் காப்பாற்றியவர் என்று என் பெயரை அடுத்த மலரில் போடவேண்டும் என்று இதனால் முன்மொழிகிறேன்.

வழிமொழிய ஒரு ஆள் வேண்டும். தர்சினியைக் கேட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள்.