கையின்மேல் உட்கார வைத்த கோஸ்தான் டீச்சர்

மலேசியாவின் ஈப்போவில் எந்த வேலையையும் வாலிலிருந்தே ஆரம்பிக்கிற ஒரே மனுஷி எங்கள் கோஸ்தான் டீச்சர்தான். வண்டியைப் பின்பக்கமாக எடுப்பதற்கு எங்கள் ஊரில் கோஸ்தான் என்று பெயர். சிலிபின் பக்கம் ஒரு பள்ளியில், அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார். என் மகள் மலர் அங்கேதான் படித்தாள்.

சட்டை போடச் சொல்லிக்கொடுத்த அழகைக் கேளுங்கள். எல்லா பட்டனையும் டீச்சரே மாட்டிவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் மலரிடம் விடுவார். அவள் அதை மாட்டியதும், சட்டையையே தைத்து முடித்த மாதிரி வகுப்பே கைதட்டும். அடுத்த வாரம் கடைசி இரண்டு பட்டன். மைலோ கலக்குவதும் அப்படித்தான். பால், தூள், சீனி எல்லாம் டீச்சர். கரண்டியின் கடைசிச் சுற்று மலர். அந்த ஒரு சுற்றுக்கு அவள் மூன்று நாள் பெருமையடித்தாள். இது என்ன ஏமாற்று வேலை என்று நான் சண்டைக்கே போய்விட்டேன்.

டீச்சர் அசரவில்லை. "மொதல்லருந்து குடுத்தா பாதியிலயே தோத்துருவா அண்ணே. கடைசிலருந்து குடுத்தா தெனமும் ஜெயிச்சுத்தானே முடிப்பா லா" என்றார்.

பெற்றோருக்கும் அவரிடம் பாடம் உண்டு. வகுப்பைப் பார்க்க வேண்டுமா, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துத்தான் உட்கார வேண்டும். பிள்ளை திணறும்போது நம் கை சும்மா இருக்காதாம். லாரி ஓட்டுபவரும் பேங்க் அதிகாரியும் கையின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மூக்கைச் சொறிய அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை.

என் கைதான் பெரிய குற்றவாளி. ஒன்பது வயதில் மலர் பாய் கடையை ஒட்டிய சந்துக்குள் போய்த் தொலைந்து, இரண்டு மணி நேரம் கழித்துக் கிடைத்தாள். அன்றிலிருந்து வெளியே போனால் அவள் மணிக்கட்டை நான் விட்டதே இல்லை. பதினாலு வயதாகியும் விடவில்லை. எனக்குப் பிறகு அந்த மணிக்கட்டை யார் பிடிப்பார் என்ற பயம்தான் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது.

தெரு முனை பாய் கடையிலிருந்து வீடு வரை அவள் தனியாக வரட்டும் என்றார் டீச்சர். நடுவில் ஒன்பது வீடு. அதுவும் கோஸ்தான்தான். முதல் வாரம் கடையிலிருந்து மூவரும் சேர்ந்து நடப்போம். கேட்டை மட்டும் மலர் திறப்பாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டோடு நாங்கள் நின்றுகொள்வோம். இப்படி வாரத்துக்கு ஒரு வீடு பின்வாங்கினோம். ஐந்தாம் வீட்டுச் சீன அங்கிள், டீச்சரைத் தண்ணீர் ஃபில்டர் விற்க வந்தவர் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இத்தனைக்கும் டீச்சருக்குக் காரைக் கோஸ்தான் எடுக்கத் தெரியாது. எங்கள் தெருவோ மறுமுனை அடைத்த ஒடுக்கமான தெரு, திருப்ப இடமில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் சாவியை என்னிடம் நீட்டுவார். நான்தான் முனை வரை பின்னாலேயே ஓட்டிக் கொடுப்பேன்.

கடைசி வாரம் மிஞ்சியது, கடையை ஒட்டி அவள் தொலைந்துபோன அந்தச் சந்துதான். நான் வீட்டு வாசற்படியில், கையின்மேல் உட்கார்ந்திருந்தேன். ரொட்டி சானாய் பொட்டலத்தோடு மலர் கடையிலிருந்து இறங்கினாள். சந்துக்கு எதிரே நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் கையைத் தொடைக்கு அடியில் இன்னும் அழுத்திக்கொண்டேன். பிறகு திரும்பி, ஒன்பது வீட்டையும் நிதானமாகத் தாண்டி, கேட்டைத் திறந்து வந்தாள்.

என் கையைத் தொடைக்கு அடியிலிருந்து இழுத்துப் பொட்டலத்தை வைத்தாள். "கைய எடுங்கப்பா. ரொட்டி சூடா இருக்கு."

அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல். முனையில் டீச்சர் நின்றார். இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்திருந்தார்.

போன வருஷம் அவருக்குப் பாகான் செராய்க்கு மாற்றலாகிவிட்டது. சொல்லிக்கொள்ள வந்தவருக்கு மலர் மைலோ போட்டுக் கொடுத்தாள், முதல் ஸ்பூனிலிருந்து கடைசிச் சுற்று வரை அவளேதான். குடித்து முடித்து, வழக்கம்போல் சாவியை நீட்டினார் டீச்சர்.

அந்த ஒன்பது வீட்டையும் அவ்வளவு மெதுவாக நான் என்றைக்கும் கோஸ்தான் எடுத்ததில்லை.